வேகப் பாதைக்கு விலை வைத்த கதை

கணினி விளையாட்டுகளுக்கு எண் போடுகிற வேலைக்கு நீங்கள் புதிதாக வந்திருக்கிறீர்கள். என்ன வேலை பார்க்கிறாய் என்று வீட்டில் கேட்டால் எப்படிச் சமாளிக்கிறீர்களோ தெரியாது. நான் இருபது வருஷத்துக்கு மேல் இதே வேலையைப் பார்த்து ஓய்வு பெற்றவள். கடைசிவரை என் மாமியாருக்கு அதைப் புரியவைக்க முடியவில்லை. "கம்ப்யூட்டர்ல ரயிலு ஓடுதாம், அந்த ரயிலு போற தண்டவாளத்துக்கு இவ வெல சொல்றாளாம்" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்திருந்தார். யோசித்துப் பார்த்தால் அதைவிடச் சரியாக இன்றுவரை யாரும் சொன்னதில்லை.

சூத்திரங்களும் அட்டவணைகளும் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே வரும். அதில் நான் மூக்கை நுழைக்கப் போவதில்லை. எங்கள் ஆபீஸில் ஒரு வாரம் நடந்ததை மட்டும் சொல்கிறேன். இரண்டு இடத்தில் ஒரே எண் நேரெதிரான பதிலைத் தந்தால் என்ன செய்வது என்று நீங்களும் ஒருநாள் விழிப்பீர்கள். அப்போது இது ஞாபகம் வந்தால் போதும்.

ஆபீஸ் திருப்பதியில், பஸ் ஸ்டாண்டுக்கு அருகில், ஒரு லாட்ஜின் மேல்மாடியில் இருந்தது. மொட்டை போட்டுக்கொண்டு இறங்கிவரும் குடும்பங்கள் அடிக்கடி வழி தவறி எங்கள் அறைக்குள் நுழைந்து, வரிசையாகக் கணினிகளைப் பார்த்து முழித்துவிட்டு, "ரூம் கீதா?" என்று கேட்பார்கள். கம்ப்யூட்டர் வேலை என்றால் ஹைதராபாத், பெங்களூரு என்றுதான் அப்போது பேச்சு. எங்கள் பக்கத்தில் டிகிரி வாங்கினவர்கள் பெங்களூருக்கும், டிரைவிங் லைசென்ஸ் வாங்கினவர்கள் குவைத்துக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். புத்தூரில் ஒரு தனியார் ஜூனியர் காலேஜில் கணக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த நான், ஊரை விட்டுப் போகாமலே கிடைத்த வேலை என்றுதான் இதில் சேர்ந்தேன். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று தயாரித்த விளையாட்டை ஆடிப் பார்த்து, எண்களைச் சரிசெய்து அனுப்புகிற வேலை. பெங்களூரில் இருந்த எங்கள் தலைமை ஆபீஸுக்கு நேரம் இல்லாததால் எங்களிடம் வந்தது.

விளையாட்டு இதுதான். வெறும் நிலம், அதில் சில நகரங்கள், கிராமங்கள், சுரங்கங்கள், ஒரு துறைமுகம். ஆடுகிறவர் தண்டவாளம் போட்டு ரயில் விட்டுச் சம்பாதித்து மேலும் தண்டவாளம் போட வேண்டும். பாதை மூன்று வகை: சாதாப் பாதை, நடுப் பாதை, வேகப் பாதை. எந்தப் பாதையில் எவ்வளவு வேகம் போகலாம், போட என்ன செலவு, பராமரிக்க என்ன செலவு என்று முடிவு செய்வதுதான் என் பொறுப்பு. கேட்க எளிதாகத்தான் இருக்கும். வேகப் பாதையின் விலையைச் சற்றுக் குறைத்தால் மற்ற இரண்டையும் ஒருவரும் தொடமாட்டார்கள். சற்று ஏற்றினால் வேகப் பாதைப் பக்கம் ஒருவரும் போகமாட்டார்கள். எதைப் போடலாம் என்று ஆடுகிறவர் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தலையைச் சொறிய வேண்டும். அந்தச் சொறிதலுக்குத்தான் நமக்குச் சம்பளம்.

எண்ணை உட்கார்ந்த இடத்தில் யோசித்துப் போட்டுவிட முடியாது. போட்ட எண்ணை ஆடுகிறவர்களிடம் கொடுத்து, அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அதற்கென்று நான்கு பேர் எங்களிடம் இருந்தார்கள். அவர்களில் கோமளாவையும் சீனுவையும் மட்டும் தெரிந்துகொண்டால் போதும். இரண்டு பேருக்குமே புத்தூரைச் சுற்றியுள்ள ஊர்கள். மற்ற இருவரும் அதே வழிதான். நான்கு பேரும் நானும் அரக்கோணம் பக்கத்திலிருந்து வரும் காலைப் பாசஞ்சரில் ஏறித்தான் வேலைக்கு வருவோம், அதே மாதிரி பாசஞ்சரில்தான் திரும்புவோம்.

எங்கள் அறையில் வேகப் பாதை போணியே ஆகவில்லை. ஆசையாகப் போடுவார்கள், கொஞ்ச நேரத்தில் நஷ்டம் வரும், பிடுங்கிவிட்டு நடுப் பாதைக்குப் போய்விடுவார்கள். விலை அதிகம் போலிருக்கிறது என்று குறைத்தேன். அப்போதும் நஷ்டம். மறுபடி குறைத்தேன். கடைசியில் அடிமாட்டு விலைக்குக் கொண்டுவந்த பிறகுதான் நான்கு பேருக்கும் கொஞ்சம் லாபம் கண்ணில் பட்டது. அந்த எண்ணை அனுப்பிவிட்டு நிம்மதியாக ஊருக்குப் போனேன்.

மறு வாரம் வெளிநாட்டிலிருந்து வந்த பதிலில் மரியாதை இருந்தது, ஆனால் சூடும் இருந்தது. இந்த விலையில் எங்கள் ஆட்கள் ஆரம்பத்திலேயே வேகப் பாதையைப் போட்டுவிடுகிறார்கள், பணம் மழையாகக் கொட்டுகிறது, ஆட்டத்தில் ஒன்றுமே மிச்சமில்லை, இந்த எண்ணை யார் போட்டது என்று கேட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் சரியான எண் வராவிட்டால் சோதனை வேலையை வேறு இடத்தில் கொடுத்துக்கொள்கிறோம் என்றும் ஒரு வரி இருந்தது.

எங்கள் மேனேஜர் தெலுங்குக்காரர், நல்ல மனுஷர், ஆனால் பயந்த சுபாவம். அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு என் மேஜைக்கு வந்தார். "மேடம், ஈ பில்லலகி ஆடடமே ராதண்டி" என்றார். இந்தப் பிள்ளைகளுக்கு ஆடவே தெரியவில்லை என்று அர்த்தம். பெங்களூரில் சாப்பாட்டைக் கூட மறந்து விளையாடுகிற பையன்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், சோதனையை அங்கே மாற்றிவிட்டால் தலைவலி தீர்ந்தது என்றார். அப்படி மாற்றினால் இந்த நான்கு பேருக்கும் வேலை கிடையாது. அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் அறையில் நான்கு நாற்காலிகளும் எங்கள் பக்கம் திரும்பிவிட்டன.

மற்ற மூவருக்கும் வேலை போனால் கஷ்டம். கோமளாவுக்கு அது வேறு விதம். அவளுடைய புருஷன் தேசப்பன் குவைத்தில் ஒரு வீட்டில் டிரைவர். கல்யாணமான மறுவருஷம் போனவர், நடுவில் ஒரே ஒருமுறை லீவில் வந்துபோனார். அவர்கள் மகள் அவரைக் கண்ணால் பார்த்ததைவிடக் காதால் கேட்டதுதான் அதிகம். எந்த வீட்டில் ஃபோன் மணி அடித்தாலும் அந்தக் குழந்தை 'நைனா, நைனா' என்று ஓடும் என்று கோமளா சிரித்துக்கொண்டே சொல்வாள். அந்த மாதத்தோடு தேசப்பனின் கான்ட்ராக்ட் முடிகிறது. திரும்பக் கையெழுத்துப் போட்டால் இன்னும் இரண்டு வருஷம் அங்கேதான்.

அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமலே உட்கார்ந்திருந்தாள். என்ன என்று கேட்டேன்.

"எனக்கு இந்த வேல இருந்துச்சின்னா அவரு வந்துடறேன்னு சொல்லிக்கினு கீறாருக்கா. இங்கியே வண்டி ஓட்டிக்கினு இருப்பாரு. வேல பூட்ச்சின்னா கையெழுத்து போட்டுட்டு அங்கியே கெடக்க வேண்டிதுதான்."

"மொதல்ல துன்னு" என்றேன்.

எனக்குப் பயம் இருந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், பயத்தைவிட மண்டைக்குள் அரிப்புதான் அதிகம். அதே விளையாட்டு, அதே எண். அங்கே பணம் கொட்டுகிறது, இங்கே நஷ்டத்திலிருந்து தப்பவே திணறல். எப்படி? எங்கள் ஆட்கள் முட்டாள்கள் என்று சொன்னால் விஷயம் முடிந்துவிடும். அந்தப் பதில் எனக்குச் சப்பென்று இருந்தது. முட்டாள்தனம் ஆளுக்கு ஒரு விதமாக இருக்கும். நான்கு பேருமே ஒரே மாதிரி நஷ்டப்பட்டிருக்கிறார்களே!

என் கணக்கில் எங்காவது கோளாறு இருக்குமோ என்று ஒரு நாள் முழுக்க அதைத் துருவினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு வெளிநாட்டுக்காரர்கள் ஆடி முடித்த ஆட்டம் ஒன்றை அனுப்பச் சொல்லித் திறந்து பார்த்தேன். துறைமுகத்திலிருந்து பெரிய நகரம்வரை பளபளவென்று வேகப் பாதை. அதில் எக்ஸ்பிரஸ் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பறக்கின்றன. எல்லாம் சரிதான். ஆனாலும் அந்தப் படத்தில் ஏதோ ஒன்று இல்லாத மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. என்ன என்று எனக்குப் பிடிபடவில்லை.

எழுந்துபோய் கோமளாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். கேள்வி எதுவும் கேட்காமல் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். இதை நீங்கள் கட்டாயம் பழகிக்கொள்ளுங்கள். ஏன் அப்படி ஆடினாய் என்று கேட்டால் ஆடுகிறவர் உடனே ஒரு காரணத்தை உண்டாக்கிச் சொல்லிவிடுவார். கை என்ன செய்கிறது என்று பார்த்தால் பொய் வராது. கோமளாவின் வேகப் பாதையில் புத்தம் புது எக்ஸ்பிரஸ் ஒன்று மாட்டுவண்டி வேகத்தில் நகர்ந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னால் ஒரு பழைய இன்ஜின் இரண்டு பெட்டிகளை இழுத்துக்கொண்டு, கிராமம் கிராமமாக நின்று நின்று போய்க்கொண்டிருந்தது.

"இது இன்னாது முன்னாடி போய்க்கினு கீது?" என்றேன்.

"அது பாசஞ்சருக்கா."

"பாசஞ்சருன்னு ஒரு வண்டியே இந்த ஆட்டத்துல கெடையாதே?"

"நானா வெச்ச பேருதான். மொதல்ல சாதாப் பாத போட்டேனே, அப்ப வாங்கினது."

"வேகப் பாத போட்ட அப்புறம் அத்த எடுத்துட வேண்டிதுதான?"

கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "எடுத்துட்டா நடுவுல கீற ஜனமெல்லாம் எதுல போவும்?"

"கோமளா, அது ஜனமே இல்ல. வெறும் நம்பரு. வண்டி இல்லன்னாலும் அங்க யாரும் அழ மாட்டாங்க, சண்டைக்கி வர மாட்டாங்க."

"தெரியும்க்கா. ஆனா அந்த வண்டிய நிறுத்துற பட்டன் கிட்ட போனா கை வர மாட்டேங்குது."

பக்கத்து நாற்காலியிலிருந்து சீனு எட்டிப் பார்த்தான். "நானும் ரெண்டு வாட்டி எடுக்கலாம்னு போனேன்க்கா. அந்தக் குட்டி ஸ்டேஷனப் பாத்தா நம்ம ஊரு ஸ்டேஷன் மாதிரியே கீது. உட்டுட்டேன்."

மற்ற இருவரின் ஆட்டத்தையும் திறந்தேன். வரைபடம் வேறு, ஊர்கள் வேறு. ஆனால் இரண்டிலும் ஒரு பழைய இன்ஜின் இரண்டு பெட்டிகளோடு எக்ஸ்பிரஸ்களுக்கு முன்னால் ஆடி அசைந்து போய்க்கொண்டிருந்தது. ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்ததில்லை, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதும் இல்லை. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்துக்கொண்டே என் மேஜைக்குப் போய், நான் முதலில் ஆடிப் பார்த்த என்னுடைய ஆட்டத்தைத் திறந்தேன். சிரிப்பு நின்றுவிட்டது. என்னுடையதிலும் பாசஞ்சர் இருந்தது. அதை வைத்தேன் என்பதே எனக்கு ஞாபகம் இல்லை.

வெளிநாட்டுக்காரர்களின் படத்தில் என்னை உறுத்தியது என்ன என்று அப்போதுதான் புரிந்தது. நடுவில் இருந்த ஒரு கிராமத்தில்கூட ஸ்டேஷன் இல்லை. லாபம் வராத வண்டியை அவர்கள் தயங்காமல் நிறுத்திவிட்டார்கள். அது ஆட்டத்தின் கணக்குப்படி சரி. எங்கள் ஆட்கள் தினமும் ஏறி இறங்குகிற வண்டி அது. அதை நிறுத்த அவர்களுக்குக் கை வரவில்லை. ஒரு வழியில் மெதுவான வண்டி ஒன்று முன்னால் போனால், மொத்த வழிக்கும் அதுதான் வேகம். தண்டவாளத்துக்கு எவ்வளவு கொட்டிக் கொடுத்தாலும் பிரயோஜனமில்லை. அந்த நஷ்டத்தை நான் பாதையின் விலையில் தேடிக்கொண்டிருந்தேன்.

மேனேஜரிடம் சொன்னேன். அவருக்கு உயிர் வந்துவிட்டது. "தீஸேயமனண்டி, அந்தே கதா!" என்றார். எடுத்துவிடச் சொல்லுங்கள், அவ்வளவுதானே என்கிறார். நாளைக்கு நான்கு பேரும் பாசஞ்சரை நிறுத்திவிட்டு ஆடட்டும், வருகிற எண்ணைச் சாயந்திரமே அனுப்பிவிடலாம், எல்லோருக்கும் வேலை பிழைக்கும்.

சுலபமான வழிதான். கோமளாவின் முகத்தை நினைத்தபோது அதையே செய்துவிடலாம் என்று எனக்கும் தோன்றியது. ஆனால் மனது ஒப்பவில்லை. அடுத்தவர் ஆடுகிற மாதிரி ஆடிக் காட்டுவதற்கு எங்களுக்கு எதற்குச் சம்பளம்? அதை அவர்கள் அங்கேயே செய்துகொள்ளலாமே. இந்த விளையாட்டை வாங்கப் போகிறவர்களில் பாசஞ்சரை நிறுத்தக் கை வராதவர்கள் இன்னும் எத்தனை பேர் இருப்பார்களோ, அவர்களுக்கெல்லாம் வேகப் பாதை ஒரு புதைகுழியாகவே இருக்கும். நானும் மேனேஜரும் தெலுங்கில் நன்றாகச் சண்டை போட்டோம். கடைசியில் அவர், "சரே, என்ன வேணும்னாலும் செய்யுங்க. வெள்ளிக்கிழமை எண் போகலைன்னா நான் பொறுப்பில்ல" என்று அரைத் தமிழில் சொல்லிவிட்டுப் போனார். அவருக்குக் கோபம் வந்தால் மட்டும்தான் தமிழ் வரும்.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பேசிவிட்டேனே தவிர, என்ன செய்வது என்று எனக்கு ஒரு எழவும் தெரியாது. பாசஞ்சரும் இருக்க வேண்டும், வேகப் பாதையும் பிழைக்க வேண்டும். எந்த எண்ணைத் திருப்பினாலும் ஒன்று இருந்தால் இன்னொன்று சாகிறது.

மறுநாள் காலை பூடி ஸ்டேஷனில் எங்கள் வண்டியை லூப்பில் போட்டுவிட்டார்கள். லூப் என்றால் ஸ்டேஷனில் மெயின் லைனிலிருந்து பிரிந்து மறுபடி அதிலேயே சேர்கிற பக்கப் பாதை. பின்னால் வரும் எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டு பாசஞ்சர் அதில் ஒதுங்கி நிற்கும். எங்கள் வழியில் இது வாடிக்கை. ஆண்கள் இறங்கி பீடி பிடிப்பார்கள், பெண்கள் பூவைத் தொடுத்து முடிப்பார்கள், எல்லோருமாகச் சேர்ந்து ரயில்வேயைத் திட்டுவார்கள். நானும் திட்டிக்கொண்டே ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். மெயின் லைனில் பளபளவென்று புதுத் தண்டவாளம், சிமெண்ட் கட்டைகள். எங்கள் வண்டிக்கு அடியில் பழைய மரக்கட்டைகள், நடுவில் புல் முளைத்திருந்தது.

நின்றுகொண்டிருக்கிற வண்டிக்கு எதற்கு வேகப் பாதை?

பெட்டியே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்திவிட்டேன். "சீனு! நம்ம ஆட்டத்துல லூப்பு போட்டா இன்னா வெல ஆவுது?"

படியில் நின்றிருந்த சீனு திரும்பி, "எங்க போட்றது? வேகப் பாதையில லூப்பு போட்டா அதுவும் வேகப் பாதையாவே இருக்கணும்னு கேக்குது. அந்த வெலைக்கு ஒண்ணு போட்டாலே திவால்தான்க்கா" என்றான்.

அந்த விதி யார் போட்டது, எதற்குப் போட்டது என்று யாருக்கும் தெரியாது. வேகப் பாதையோடு சேர்கிற எந்தப் பாதையும் வேகப் பாதையாகவே இருக்க வேண்டும் என்று எப்போதோ எழுதிவைத்திருக்கிறார்கள். லூப்பே போடாதவர்கள் எழுதியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். அவர்களுக்கு அது தேவைப்பட்டே இருக்காது.

ஆபீஸுக்கு வந்ததும் மேனேஜரைப் பிடித்து, பெங்களூர்த் தலைமை ஆபீஸில் இந்த ஆட்டத்துக்கு நிரல் எழுதுகிறவரிடம் பேசவைத்தேன். லூப்பை மட்டும் சாதாப் பாதையாகப் போட்டுக்கொள்ளலாம் என்று விதியை மாற்றச் சொன்னோம். அவர் முனகினார், ஆனால் மாற்றிக் கொடுத்தார். நான் வேகப் பாதையின் விலையை, மளமளவென்று குறைத்தேனே, அதைப் பழையபடி மேலே ஏற்றினேன். வெள்ளிக்கிழமை காலை இரண்டு பேர் பாசஞ்சரை நிறுத்திவிட்டு ஆடினார்கள். இந்த விலைக்கு வேகப் பாதை போடலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்துத்தான் போட்டார்கள். கோமளாவும் சீனுவும் பாசஞ்சரை வைத்துக்கொண்டு ஆடினார்கள். கிராமத்துக்குக் கிராமம் மலிவாக லூப் போட்டு, பாசஞ்சரை ஒதுக்கி, எக்ஸ்பிரஸை விட்டார்கள். லாபம் மெதுவாக வந்தது, ஆனால் வந்தது. நான்கு தலைகளும் நன்றாகச் சொறிந்துகொண்டன. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வேலையில் அதற்கு முன் வந்ததில்லை.

ஆட்டம் முழுதாக முடியவில்லை, எண்ணும் இன்னும் போகவில்லை. மேனேஜர் அறையில் ஃபோன் அடித்தது. குவைத்திலிருந்து தேசப்பன். அன்று சாயந்திரத்துக்குள் கையெழுத்துப் போடுகிறாயா இல்லையா என்று அங்கே முதலாளி கேட்டுவிட்டாராம். கோமளா ரிசீவரைக் காதில் வைத்து "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு பேசுகிற முனையைக் கையால் பொத்திக்கொண்டு வாசலில் நின்றிருந்த என்னைப் பார்த்தாள்.

"அக்கா, இந்த வேல இருக்குமா? இன்னா சொல்லட்டும் நானு?"

நீங்கள் கற்றுக்கொண்டு வந்திருக்கிற எதுவும் இந்த இடத்தில் கைகொடுக்காது. 'இருக்கும், வரச் சொல்' என்று சொல்லிவிடலாம். அது பொய்யாகிப்போனால் ஒரு குடும்பத்தின் வயிற்றில் அடித்தவளாவேன். 'தெரியாதும்மா, கையெழுத்தே போடட்டும்' என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். அப்போது அந்தக் குழந்தைக்கு இன்னும் இரண்டு வருஷம் ஃபோன்தான் நைனா. எனக்குத் தெரிந்ததும் தெரியாததும் எதுவோ அதை மட்டும் அப்படியே சொல்வோம் என்று முடிவு செய்தேன்.

"வெளிநாட்டுக்காரன் ஒத்துக்குவானான்னு எனக்குத் தெரியாது கோமளா. அது என் கையில இல்ல. நம்ம நம்பரு சரியான்னு கேட்டா, சரி. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளிநாட்டு ஃபோன், ஒவ்வொரு நொடிக்கும் காசு ஓடிக்கொண்டிருந்தது. பிறகு கையை எடுத்தாள்.

"ஏங்க, நீங்க கையெழுத்து போடாதீங்க. வந்துடுங்க" என்றாள். ஃபோனை வைத்துவிட்டு நேராகப் போய் நாற்காலியில் உட்கார்ந்து பாதியில் விட்ட ஆட்டத்தைத் தொடர்ந்தாள்.

அன்று சாயந்திரம் எண்ணும், லூப்புக்காக மாற்றிய விதியும் போயின. கூடவே ஏன் இப்படி ஆயிற்று என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஒரு விளக்கமும் எழுதினேன். எங்கள் ஆட்கள் தவறாக ஆடவில்லை, உங்கள் ஆட்களும் தவறாக ஆடவில்லை, இரண்டு விதமாகவும் ஆடலாம், இந்த எண் இரண்டு விதத்துக்கும் நிற்கும் என்று எழுதினேன். அதற்குப் பிறகு வந்த சனி ஞாயிறு போல ஒரு சனி ஞாயிறை என் விரோதிக்கும் கொடுக்கக் கூடாது. வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். தண்டவாளத்து மேல யாராவது படுத்துக்கினாங்களா என்று மாமியார் கேட்டார்.

திங்கட்கிழமை பதில் வந்தது. மேனேஜர் அதை நின்றுகொண்டே சத்தமாகப் படித்தார். எண்ணை ஏற்றுக்கொண்டிருந்தார்கள். இரண்டு விதமாக ஆடுகிற ஆட்கள் இருப்பது எங்களுக்கும் நல்லது, அடுத்த விளையாட்டின் சோதனையும் உங்களிடமே இருக்கட்டும் என்று எழுதியிருந்தார்கள். அவர்களுடைய ஆட்களில் ஒருவர் சும்மா பார்ப்போமே என்று ஒரு பழைய வண்டியைக் கிராமம் கிராமமாக விட்டாராம், இப்போது நிறுத்த மனசு வரவில்லை என்கிறாராம். அறையில் எல்லோரும் கை தட்டினார்கள். கோமளா எழுந்து குழாயடிக்குப் போய், வெகு நேரம் முகம் கழுவிவிட்டு வந்தாள். நான் அவளைப் பார்க்காத மாதிரி இருந்தேன், ஏனென்றால் என் கண்ணும் அப்போது சரியாக இல்லை.

தேசப்பன் வந்துசேர்ந்த பிறகு ஒருநாள், ஒரு பெரிய டப்பா பேரீச்சம்பழத்தோடு கோமளாவுடன் ஆபீஸுக்கு வந்தார். மெலிந்த, கூச்ச சுபாவமுள்ள ஆள். "ஃபோன்ல எத்தினி வாட்டி சொன்னாலும் இவ இன்னா வேல செய்றான்னு புரியல மேடம். அதான் ஒரு வாட்டி பாத்துட்டுப் போலாம்னு" என்றார். கோமளா அவரைத் தன் நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு புது ஆட்டத்தைத் திறந்து, வேண்டிய மட்டும் பணத்தையும் கொடுத்தாள். எனக்கு உடனே அரிப்பு வந்துவிட்டது. எழுந்துபோய் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

அவர் வரைபடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். துறைமுகத்தின்மேல் அம்புக்குறியை வைத்தார். அங்கிருந்து வேகப் பாதையை ஆரம்பித்து, மலை வந்த இடத்தில் குடைந்து, ஆறு வந்த இடத்தில் பாலம் போட்டு, மூலையில் இருந்த ஒரு குட்டி ஊர்வரை ஒரே நேர்கோடாக இழுத்தார். பணம் முழுக்கக் கரைந்தது. நடுவில் இருந்த கிராமங்களில் ஒரு ஸ்டேஷன்கூட இல்லை. எங்கள் அறையில் யாரும் சொல்லாமல் தானாகவே அப்படி ஆடின முதல் ஆள் அவர்தான்.

கோமளா திரையைக் காட்டினாள். "நடுவுல எத்தினி ஊரு கீது, பாத்தீங்களா? ஒரு எடத்துல கூட நிக்காதா?"

"எதுக்கு நிக்கணும்?" என்றார் தேசப்பன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நான் ஊட்டுக்குத்தான வரேன்?"

அந்த வண்டி நஷ்டத்தில்தான் ஓடியது. கோமளா அதை நிறுத்தவில்லை.